"தந்தை" என்ற சொல்லைக் கற்றுத் தந்தவர்கள்

நம் வட்டாரத்தில் குழந்தைகளிடையே நடந்த மறைப்பணி: ஒரு வரலாற்றுப் பார்வை

ஜூபிலி ஆண்டு என்றால் கோயில் கட்டிய குருக்களையும், கெபி எழுப்பிய நன்கொடையாளர்களையும், மணி வாங்கித் தந்த குடும்பங்களையும் நன்றியோடு நினைப்பது வழக்கம். அந்தப் பட்டியல் இம்மலரின் வேறு பக்கங்களில் இருக்கும். இக்கட்டுரை கற்களைப் பற்றியதன்று, பிள்ளைகளைப் பற்றியது. அதிலும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது.

ஆண்டவர் நமக்குக் கற்பித்த செபம் "தந்தையே" என்ற அழைப்போடு தொடங்குகிறது. நம் பாட்டன்மார் "பிதாவே" என்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வந்த தமிழில் நாம் "தந்தையே" என்கிறோம். சொல் மாறினாலும் பொருள் ஒன்றே. ஆனால் தகப்பன் முகத்தையே கண்டறியாத பிள்ளைக்கு இந்தச் சொல் என்ன பொருள் தரும்? தகப்பன் என்றாலே அடியும் உதையும் என்று அறிந்த பிள்ளைக்கு? தகப்பன் விட்டுச் சென்ற சொத்து கடன் ஒன்றே என்று கண்ட பிள்ளைக்கு? இத்தகைய பிள்ளைகளே நம் வட்டாரத்தில் மறைப்பணியாளரிடம் முதலில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு இறைவன் தந்தை என்பதை எப்படிப் புரியவைத்தார்கள் என்பதுதான் நம் கேள்வி.

தகப்பனைத் தேடி வந்த சிறுவன்

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் மதுரையிலிருந்து புறப்பட்டு இவ்வூர் வந்து சேர்ந்தான். தன் தகப்பனைத் தேடிப் போவதாக வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தவன் அவன். பெற்ற தந்தையை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1892-இல், இழந்திருந்தான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அப்பெரியவரின் சமயநெறி வேறு, நம் விசுவாசம் வேறு. ஆயினும் தந்தையை இழந்த ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இறைவனைத் தந்தையாகத் தேடும் தாகம் எத்துணை ஆழமானது என்பதற்கு நம் ஊரே சாட்சி சொல்கிறது. அந்தத் தாகத்தை எந்த மறைப்பணியாளரும் கப்பலில் கொண்டுவரவில்லை. அது இறைவன் மனித உள்ளத்தில் வைத்தது. பணியாளர் செய்யக்கூடியதெல்லாம் அதற்கு வழி திறப்பதே.

பஞ்சத்தின் பிள்ளைகள்

நம் பகுதியின் கத்தோலிக்க மறைப்பணி புதுச்சேரியிலிருந்து வந்தது. இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின், 1776 முதல் பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபைக் குருக்கள் அப்பொறுப்பை ஏற்றனர். 1844-இல் புதுவையில் கூடிய சங்கம் இரண்டு காரியங்களை வற்புறுத்தியது: இந்நாட்டவர் குருக்களாக உருவாக வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதய கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதே அச்சபையின் முதல் வேலை. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, அது தேவதாசிகளுக்கு உரியதல்லவா என்று ஊர் பேசிய காலம் அது. அக்காலத்தில் ஒரு சிறுமியின் கையில் பலகையைக் கொடுத்து உட்கார வைத்தது சிறிய துணிவன்று.

பிரான்சில் இதற்கு ஓராண்டு முன்பு, 1843-இல், நான்சி நகர் ஆயர் ஃபோர்பின் ஜான்சன் திருப்பாலத்துவ சபையைத் தோற்றுவித்திருந்தார். அங்குள்ள ஒவ்வொரு குழந்தையும் நாள்தோறும் ஒரு மங்கள வார்த்தை செபமும், மாதம் ஒரு செப்புக்காசும் முகமறியாத ஏழைக் குழந்தைகளுக்காகக் கொடுக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். பெரியவர்களின் பணப்பெட்டியை நம்பாமல் பிள்ளைகளின் சில்லறையை நம்பினார் அந்த ஆயர். உலகெங்கும் அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களுக்கு அந்தக் காசு போய்ச் சேர்ந்தது. ஒரே தந்தையின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உடன்பிறப்பு என்ற பாடம் அதில் இருந்தது.

பின்பு வந்தது பெரும் பஞ்சம். 1876-இல் பருவமழை பொய்த்தது. ஏரிகள் வற்றின, மாடுகள் செத்தன, தானியம் விலையேறி ஏழைகளுக்கு எட்டாக்கனி ஆயிற்று. நிவாரண வேலைக்கு வந்த ஆடவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் 1878 வரை ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணிப்பு. வட ஆர்க்காடு கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று.

பஞ்சத்தில் முதலில் சிதறுவது குடும்பமே. தகப்பன் வேலை தேடிப் போவான், திரும்ப மாட்டான். தாய் தன் பங்குக் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊற்றிவிட்டுத் தான் சாவாள். மிஞ்சிய பிள்ளைகள் குருமார் இல்லங்களின் வாசலில் விடப்பட்டார்கள். அந்நாளில் நம் பகுதியில் உழைத்தவர்களில் முதன்மையானவர் தாராஸ் அடிகளார். சேத்துப்பட்டில் தங்கி, சுற்றுக் கிராமங்களின் ஏழை மக்களிடையே ஆயுள் முழுவதும் பணிபுரிந்தார். 1916-இல் மறைந்த அவரை "வட ஆர்க்காட்டின் அப்போஸ்தலர்" என்றே நம் முன்னோர் அழைத்தனர். இன்று சேத்துப்பட்டு லூர்து அன்னை திருவிழாவுக்குப் போகும் நம்மில் பலர் அவர் பெயரைக் கேட்டிருப்போம். அவரைத் தேடி வந்தவர்கள் யார் என்பதையும் அறிய வேண்டும்.

கடனைச் சொத்தாகப் பெற்றவர்கள்

அவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரி மக்கள், படியாட்கள். திருமணச் செலவுக்கோ சாவுச் செலவுக்கோ ஆண்டையிடம் வாங்கிய சில ரூபாய்க்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். தகப்பன் இறந்தால் கடன் மகன் தலையில் ஏறும். ஏழெட்டு வயதுப் பையன் ஆண்டை வீட்டு மாடுகளை மேய்க்கப் போவான்; கூழே அவன் கூலி. செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கை இத்தகைய அடிமை வாழ்வை விவரித்தது. அதன் விளைவாகவே பஞ்சமருக்கு நிலம் வழங்கும் ஆணை 1892-இல் பிறந்தது.

இந்தப் பையனிடம் உபதேசியார் வந்து, "உனக்கு விண்ணகத்தில் ஒரு தந்தை இருக்கிறார், நீ அவருடைய சொத்துக்கு வாரிசு" என்று சொன்னபோது அவன் காதில் அது எப்படி ஒலித்திருக்கும்! புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில், அடிமைகளின் மனப்பான்மையையும் பிள்ளைகளின் உரிமையையும் எதிரெதிரே வைத்துப் பேசுகிறார். நமக்கு அது ஞாயிறு வாசகம். அந்தப் பையனுக்கோ அது தன் வாழ்க்கைச் செய்தி. கடனுக்கு வாரிசாகப் பிறந்தவன் மகனாக அழைக்கப்பட்டான்.

பகலில் மாடு மேய்ப்பவனுக்குப் பகலில் பள்ளி நடத்த முடியாது. ஆகவே கிராமங்களில் இரவில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு நடந்தது. கீற்றுக் கொட்டகையே கோயில், அதுவே பள்ளிக்கூடம். உபதேசியாரே வாத்தியார். மணலில் விரலால் "அ" எழுதக் கற்றான். பின்பு சிலேட்டு வந்தது. செபங்களை இராகம் போட்டு ஒப்பித்தான். அந்த உபதேசியார்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மாதம் சில ரூபாய் சம்பளத்தில், மழையிலும் சேற்றிலும் நடந்த அவர்கள் இன்றி எந்த வெள்ளைக்காரக் குருவும் ஒரு கிராமத்தைக்கூட அறிந்திருக்க முடியாது. இச்சமயத்தில் நம் பிரிந்த சகோதரரையும் நன்றியோடு குறிப்பிடுவது முறை. 1860-களில் ஆர்க்காட்டுப் பகுதியில் பணியைத் தொடங்கிய டேனிஷ் மிஷனார் நடத்திய பள்ளியில் எழுத்தறிந்த குடும்பங்கள், சமய வேறுபாடின்றி, இந்நகரில் இன்றும் பலவுண்டு.

"கஞ்சிக்கு வேதம் மாறியவர்கள்" என்று அன்றும் ஏசினார்கள். இன்றும் சிலர் ஏசுகிறார்கள். பஞ்சம் தீர்ந்ததும் பழைய வழிக்கே திரும்பியவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்போம். பிள்ளை பசித்து அழும்போது எந்தத் தகப்பன் முதலில் பாடம் நடத்துவான்? மகன் அப்பம் கேட்டால் கல்லைக் கொடுப்பவன் உண்டா என்று நம் ஆண்டவரே வினவினார் அல்லவா? கஞ்சியே அப்பிள்ளைகள் பெற்ற முதல் ஞானோபதேசம். தந்தை என்பவர் பசியறிந்து ஊட்டுபவர் என்பதை அவர்கள் நாவினால் முதலில் கற்றார்கள்.

தந்தையற்றவரே தந்தையானார்

ஆனால் கஞ்சியும் சிலேட்டும் மட்டும் போதுமா? போதாது என்று உலகுக்கு உணர்த்தியவர் புனித தொன் போஸ்கோ. 1815-இல் இத்தாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவருக்கு இரண்டு வயது நிறையுமுன்பே தகப்பனார் இறந்துவிட்டார். இறந்த தகப்பனின் அறையைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததும், உனக்கு இனி அப்பா இல்லை என்று தாய் சொல்லி அழுததுமே தம் முதல் நினைவு என அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஆயிரக்கணக்கான அநாதைச் சிறுவருக்குத் தந்தையானார்.

1841 டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள். தூரின் நகரக் கோயிலொன்றின் சக்கிறீஸ்தில் பூசைக்கு உதவத் தெரியாமல் விழித்த பர்த்தலோமேயு கரெல்லி என்ற சிறுவனைக் கோயிற்காரர் அடித்து விரட்டினார். அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார் தொன் போஸ்கோ. தாயும் தகப்பனும் அற்றவன், எழுத்தறியாதவன். அவனோடு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லித் தம் பணியைத் தொடங்கினார். அடித்து விரட்டிய கையையும் திரும்ப அழைத்த குரலையும் அச்சிறுவன் ஒரே நாளில், ஒரே கோயிலில் கண்டான். எது இறைவனின் முகத்தைக் காட்டியது என்று சொல்லவும் வேண்டுமோ?

பிள்ளை தவறிய பின் தண்டிப்பது ஒரு முறை. தவறாதபடி உடனிருந்து காப்பது மற்றொரு முறை. இரண்டாவதைத் தடுப்பு முறை என்றார் அவர். அறிவு, மறை, அன்பு ஆகிய மூன்றுமே அதன் தூண்கள். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பதை அவர்கள் உணர வேண்டும் என்பது 1884-இல் அவர் தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தின் சாரம்.

அவருடைய மக்களான சலேசியர் 1906 ஜனவரி 14 அன்று, தொமாத்திஸ் அடிகளார் தலைமையில் தஞ்சாவூர் வந்து சேர்ந்தனர். இந்தியாவில் அவர்களுடைய முதல் வேலை அங்கிருந்த அநாதைச் சிறுவர் இல்லத்தை ஏற்று நடத்துவதே. தஞ்சையில் உழைத்த மெதர்லே அடிகளார் 1928-இல் சென்னைப் பேராயரானார். அதையொட்டி வட ஆர்க்காட்டு மறைப்பணியும் சலேசியர் பொறுப்பாயிற்று. பேராயரான பின்பும் கிராமம் கிராமமாகச் சுற்றிய அவர், 1934-இல் நம் வட ஆர்க்காட்டுப் பள்ளிகொண்டாவிலேயே உயிர் நீத்தார். அவருக்குப் பின் வந்த பேராயர் மத்தியாஸ் காலத்தில், 1952-இல், வேலூர் தனி மறைமாவட்டம் ஆயிற்று. அதன் முதல் ஆயர்கள் இருவரும் சலேசியரே, இருவரும் தமிழரே. 1844-இல் புதுவைச் சங்கம் கண்ட கனவு நம் மறைமாவட்டத்தில் இவ்வாறு பலித்தது.

போர்டிங் நாட்கள்

இதுவரை படித்ததை எழுதினேன். இனிக் கண்டதை எழுதுகிறேன். நானும் ஒரு போர்டிங் பையன். தகரப் பெட்டி, கோரைப்பாய், அலுமினியத் தட்டு, இவையே அன்று எங்கள் உடைமை. காலையில் அமெரிக்கக் கோதுமை உப்புமா. சாயங்காலம் பால்பவுடர் கரைத்த பால். அந்த மூட்டைகளின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். மணி அடித்தால் செபம், மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் விளையாட்டு.

என் பக்கத்துப் பாயில் படுத்தவன் ஒருவன் செபத்தில் எல்லாம் சொல்வான். "தந்தையே" என்ற முதற்சொல்லை மட்டும் சொல்ல மாட்டான். அவன் தகப்பன் குடித்துவிட்டுத் தாயை அடிப்பவர் என்பது எங்களுக்குத் தெரியும். அவன் வாய் அசையாததை எங்கள் வார்டன் சாமியார் கவனித்துவிட்டார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனார். பத்து மைல் இருக்கும். தகப்பனுக்குப் புத்தி சொல்லவில்லையாம். திண்ணையில் உட்கார்ந்து, "உம் பையன் கணக்கில் கெட்டிக்காரன் ஐயா, வந்து பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம்.

அடுத்த மாதம் பெற்றோர் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, சலவை வேட்டியோடு அந்த மனிதர் வந்தார். கையில் ஒரு பொட்டலம் பொரிகடலை. மகனிடம் என்ன பேசினாரோ தெரியாது. அன்று மாலைச் செபத்தில் அவன் வாய் அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பொரியில் ஒரு பிடி எனக்குக் கொடுத்து, "எங்கப்பா வாங்கியாந்தது" என்றான்.

பல ஆண்டுகள் கழித்தே அந்தச் சைக்கிள் பயணத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. அந்தக் குரு, தகப்பனின் இடத்தைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை. தகப்பனை அவன் இடத்துக்கு மீட்டுக் கொடுத்தார். ஊரார் அவரை "ஃபாதர்" என்று அழைத்ததற்கு அன்றுதான் அவர் முழுத் தகுதி பெற்றார் என்பேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியவை

ஜூபிலி நன்றியின் காலம் மட்டுமன்று, மனந்திரும்புதலின் காலமுமாகும். எல்லா விடுதிகளும் இப்படி இருந்ததில்லை. நான் பின்னர்த் தங்கிய வேறொரு விடுதியில் பிரம்பே ஆட்சி செய்தது. சுகவீனத்தால் காலைப் பூசைக்குப் பிந்திய பிள்ளைக்கும் அடி விழுந்தது. அங்கு நாங்கள் கற்ற கடவுள் கணக்குப் புத்தகத்தோடு காத்திருக்கும் ஒரு காவல்காரர். அந்தப் பயத்தைக் கழற்றிப் போட எங்களில் சிலருக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. சிலர் கோயிலையே விட்டுவிட்டார்கள். கையை ஓங்குபவன் வாயால் இறைவனின் அன்பைப் போதித்தாலும், பிள்ளை நம்புவது கையைத்தான், வாயையன்று.

மற்றொன்று: ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பதே அதற்கு நல்லது என்று ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடே நினைத்தோம். பஞ்சகாலத்து அநாதைக்கு வேறு வழியில்லை. ஆனால் தகப்பனும் தாயும் உள்ள பிள்ளைக்கு முதல் இல்லம் அதன் வீடே. பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. பிள்ளை குடும்பத்தில் வளர்வதே முதல் வழி, இல்லம் கடைசி வழி என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கு. சைக்கிளில் போன அந்தக் குருவுக்கு இச்சட்டங்கள் தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகின்றன.

வெளியிலிருந்து வந்த அநீதியும் ஒன்றுண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், திருமுழுக்குப் பெற்ற தலித் குடும்பத்துப் பிள்ளை அட்டவணை இனத்துக்குரிய உரிமைகளை இழக்கிறது. சேரி மாறவில்லை, தொழில் மாறவில்லை, அவமானமும் மாறவில்லை. சலுகை மட்டும் போயிற்று. கடனை வாரிசாகப் பெற்ற பையனின் பேரப்பிள்ளைகள், பாட்டனின் விசுவாசத்துக்காக இன்றும் விலை கொடுக்கிறார்கள். இதற்காகக் குரல் கொடுப்பதும் சிறுவர் பணியே.

இனி நம் கையில்

கெத்சமெனித் தோட்டத்தில் வியர்வை இரத்தமாய் வழிய, நம் ஆண்டவர் தம் தந்தையை அழைத்த சொல் "அப்பா" என்று மாற்கு எழுதியிருக்கிறார். அரமேயப் பிள்ளைகள் வீட்டில் தகப்பனை அழைத்த சொல் அது. தமிழனுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை! நம் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் ஒலிக்கும் அதே சொல்லை நம் ஆண்டவர் தம் வேதனையில் உச்சரித்தார்.

ஆகவே, அன்புக்குரிய பங்கு மக்களே, ஜூபிலிக்கு நாம் எழுப்பும் வளைவும் தோரணமும் சில நாளில் இறங்கிவிடும். நம் தெருவில் தகப்பனை இழந்த பிள்ளை எத்தனை? குடியினால் தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளை எத்தனை? ஞாயிறு மறைக்கல்விக்கு வந்து கடைசி வரிசையில் வாய் திறவாமல் நிற்கும் பிள்ளை யார்? குருக்களும் கன்னியரும் மட்டும் அதைக் கவனித்தால் போதாது. பெற்றோராகிய நாமும் ஞானப் பெற்றோராகிய நாமும் கவனிக்க வேண்டும். சிறப்பாக, தகப்பன்மாராகிய நாம் நம் வீட்டில் "அப்பா" என்ற சொல்லைக் கெடுக்காமல் வைத்திருப்போமாக. நம் பிள்ளை நாளை இறைவனை அழைக்கப்போவதும் அதே சொல்லால்தான்.

விண்ணகத் தந்தை நம் பங்கின் பிள்ளைகள் அனைவரையும் தம் கரத்தில் ஏந்திக் காப்பாராக!